கேட்காமல் முறித்த துளிர்

ரண்டர்ஸ்
15.09.2024

அன்புள்ள நிதிக்கு,

நாங்கள் இருவரும் இருக்கிறபடி இருக்கிறோம். உங்கள் வீட்டில் எல்லோரும் சுகம்தானே? மகள் சாருஜா பெரியபிள்ளையானதற்கு வைத்த சாமத்தியவீட்டுக் களைப்பு ஆறிவிட்டதா?

போனை வைத்துக்கொண்டு ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர். எங்கள் வீட்டில் எந்த மூலையில் நின்று கதைத்தாலும் உம்முடைய அண்ணைக்குக் கேட்கும். பாரிசவாதம் வந்து அவருக்கு வாய்தான் கட்டுப்பட்டது, காது முன்னையிலும் கூர்மை. எதையாவது அரைகுறையாகக் கேட்டுவிட்டு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருப்பார். அதனால் முதியோர் இல்லத்தில் வேலை இடைவேளையிலே உட்கார்ந்து எழுதுகிறேன்.

சாமத்தியவீட்டுக்கு வந்த முப்பத்தொரு குடும்பத்துக்கும் பிளாஸ்டிக் டப்பா கொடுக்காமல் ஆளுக்கொரு ஹியூகெரா இலைச்செடிச் சாடி கொடுத்தீரே, இங்கே சனம் இன்னும் அதைத்தான் கதைக்கிறது. எனக்கு மட்டும் ஒன்பது தந்தீர். எல்லாவற்றையும் சாடி மண்ணோடே நட்டுவிட்டேன். நாவற்பழ நிறத்தது நான்கும் வெயில் விழும் சுவரோரம். எலுமிச்சைப் பச்சை மூன்றும் வேலி நிழலில். கருப்பட்டி நிறத்தது இரண்டையும் எங்கே வைப்பதென்று தெரியாமல் நடுவில் வைத்திருக்கிறேன். பூவே வேண்டாம் நிதி, இலையே அவ்வளவு வடிவு.

வேலிக்கு அந்தப் பக்கத்து விக்ரோரியாவை உமக்குத் தெரியும்தானே, மன்னார் வேதக்காரப் பெண், இருபத்திரண்டு வருடமாகப் பக்கத்து வீடு. நான் வேலையில் நிற்கும்போது எங்கள் வீட்டுச் சாவியைப் போட்டுத் திறந்து, பன்னிரண்டு மணிக்கு உம்முடைய அண்ணைக்குச் சூப் கொடுப்பவள் அவள்தான். கன்றுகளைப் பார்த்து "என்ன வடிவு, என்ன வடிவு" என்று நாலுதரம் சொன்னாள். ஒன்று தா என்று மட்டும் கேட்கவில்லை. அது எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

அன்புடன் மச்சாள்,
யோகமலர்


அல்பர்ட்ஸ்லுண்ட்
29.09.2024

அன்புள்ள மச்சாளுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். அண்ணையின் கை கொஞ்சமாவது அசைகிறதா? பயிற்சியை விடவேண்டாம் என்று சொல்லுங்கள்.

நீங்கள் நட்ட விதம் சரி. கறுப்பு ஊதா வெயிலைத் தாங்கும். எலுமிச்சைப் பச்சைக்கு வெயில் பட்டால் இலை கருகும், நிழலை விட்டு எடுக்காதீர்கள். கருப்பட்டி நிறத்துக்குக் காலை வெயிலும் பின்னேர நிழலும் நல்லது. குருத்தை மண்ணுக்குள் புதைக்கக்கூடாது. தண்ணீர் தேங்கவும் விடக்கூடாது. இங்கே டென்மார்க்கில் அலுன்றோட் என்று டேனிஷ் பெயரைச் சொல்லிக் கேட்டால் கடையிலும் வாங்கலாம், ஆனால் நான் இரண்டு வருடம் பிரித்துப் பிரித்து வளர்த்ததுபோல வராது. என் கையால் கொடுத்தது எதுவும் இதுவரை பட்டுப்போனதில்லை, அது உங்களுக்கே தெரியும்.

விக்ரோரியா அக்காவை ஏன் இழுக்கிறீர்கள்? அண்ணைக்குச் சூடாக ஒரு வாய் கிடைக்கிறதே, அது எனக்குப் பெரிய நிம்மதி.

அன்பு மறவாத,
செல்வநிதி


ரண்டர்ஸ்
10.11.2024

அன்புள்ள நிதிக்கு,

குளிர் வந்துவிட்டது, எனக்கு முழங்கால் நோவு. உம்முடைய அண்ணைக்குப் புதிதாக ஒன்றுமில்லை.

எதையும் சும்மா சொல்பவள் அல்ல நான். கேளும். வேலியோரத்து எலுமிச்சைப் பச்சையில் ஒரு துளிரை யாரோ முறித்திருக்கிறார்கள். முறித்த இடம் ஈரமாக இருந்தது. மற்றக் கன்றுகளில் இலை ஓரமெல்லாம் அரைவட்டம் அரைவட்டமாக, சின்னக் கத்தரிக்கோலால் வெட்டினமாதிரி. இரண்டு நாள் கழித்து விக்ரோரியாவின் குசினி யன்னலில் என்ன இருந்தது தெரியுமா? தயிர்க் கோப்பைக்குள் மண் போட்டு, அதிலே என்னுடைய துளிர்!

"என்ன விக்ரோரியா, புதுக்கண்டு ஒண்டு வைச்சிருக்கிறீர் போல?" என்று கேட்டேன்.

"ஓம் ஓம், சும்மா ஒண்டு," என்று சொல்லிவிட்டுக் கதையை உம்முடைய அண்ணையின் இருமலுக்கு மாற்றிவிட்டாள்.

கேட்டிருந்தால் முழுச் சாடியே கொடுத்திருப்பேனே. இருபத்திரண்டு வருடம் பழகிய ஆள் ஒரு துளிருக்கு மறைக்கிறாள் என்றால், வேறு என்னென்ன மறைத்திருப்பாள்? இப்போது அலுமாரியைத் திறந்தாலும் வைத்தது வைத்த இடத்தில் இருக்கிறதா என்று பார்க்கிறேன்.

யோகமலர்


அல்பர்ட்ஸ்லுண்ட்
08.12.2024

அன்புள்ள மச்சாளுக்கு,

சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். முழங்காலுக்கு எண்ணெய் பூசி, கம்பளித் துணி சுற்றுங்கள்.

உங்கள் கடிதத்தை வாசித்துச் சிரித்துவிட்டேன். கேட்டு வாங்கிய கன்று வளராது, கேட்காமல் எடுத்ததுதான் செழிக்கும் என்று எங்கள் சனம் நம்புவது உங்களுக்குத் தெரியாதா? கோவில் திருவிழாவுக்குப் போன இடத்தில், யாரோ வீட்டுக் கறிவேப்பிலைச் சாடியில் பக்கக் கன்றைப் பிடுங்கிக் கைப்பைக்குள் வைத்தது யார்? நான் பக்கத்தில் நின்றேனே! விக்ரோரியா அக்காவும் அந்த நம்பிக்கையில்தான் முறித்திருப்பா. மறைத்தால்தானே அது களவு, களவானால்தானே செழிக்கும்.

இலை ஓரம் வெட்டுப்பட்டதற்கு ஏதாவது பூச்சி காரணமாக இருக்கும்.

இந்த வருடம் என் முற்றத்தை ஒதுக்கிவிட்டேன். சாடிகள் எல்லாவற்றையும் எறிந்தாயிற்று. இடம் தேவைப்பட்டது. வேறு விசேடம் இல்லை.

செல்வநிதி


ரண்டர்ஸ்
16.03.2025

அன்புள்ள நிதிக்கு,

பொங்கலுக்கும் உம்மிடமிருந்து ஒரு வரி இல்லை. சுகம்தானே?

சிரிக்க முன்னம் இதை வாசியும். பனி உருகினபிறகு பார்த்தால் நாலு கன்று மண்ணுக்கு மேலே சும்மா கிடந்தன. தொட்டேன், கையோடு வந்தது. அடியில் வேர் இல்லை. ஒரு மயிர்வேர்கூட இல்லை நிதி, கத்தியால் சீவினமாதிரி மொட்டை. வெயிலில் வைத்ததும் போய்விட்டது, நிழலில் வைத்ததும் போய்விட்டது. அவள் தன் முற்றத்துக்கு மாற்றிய அந்தத் துளிர் மட்டும் இந்தக் குளிருக்குள்ளும் தளதளவென்று நிற்கிறது.

ஒரு நாள் வேலைக்குப் போக முன்னம் தோட்டத்துப் படியில் அரிசிமா தூவிவிட்டுப் போனேன். பின்னேரம் வந்து பார்த்தால் அவளுடைய மரச்செருப்பு அடையாளம் பாத்திவரைக்கும் போய்த் திரும்பி இருக்கிறது. சூப் கொடுக்க வருபவளுக்குப் பாத்தியில் என்ன வேலை? உம்முடைய அண்ணையிடம் கேட்டேன். அவர் "விக்ரோ... நல்லது" என்றார். அவருக்கு இப்போது வருகிற நாலு சொல்லில் ஒன்று அவளுடைய பெயர். அதுவும் எனக்கு எரிச்சல்தான், ஒளிப்பானேன்.

நீர் இந்தக் கன்றோடு பழகிய ஆள். நேராகவே கேட்கிறேன். வேரைக் கத்தியால் வெட்டினமாதிரி ஆக்குகிற நோய் ஏதாவது இருக்கிறதா? இருக்கிறது என்று நீர் ஒரு வரி எழுதினால் இத்தோடு விட்டுவிடுவேன். இல்லையென்றால் அவளிடமிருந்து சாவியை வாங்கப் போகிறேன்.

பதிலைப் பார்த்திருக்கும்,
யோகமலர்


அல்பர்ட்ஸ்லுண்ட்
06.04.2025

அன்புள்ள மச்சாளுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். எனக்குக் கொஞ்சம் தடிமனும் காய்ச்சலுமாக இருந்தது, இப்போது பரவாயில்லை. அண்ணையின் இருமல் நின்றதா?

உறைபனி மண்ணைக் கிளப்பும். அப்போது கன்றும் மேலே கிளம்பும். இங்கேயும் சிலருக்கு அப்படி நடந்திருக்கிறது. தூரத்தில் இருந்துகொண்டு நான் என்ன சொல்ல முடியும்? பட்ட கன்றுகளை எறிந்துவிட்டீர்களா? மண்ணையும் எறிந்தீர்களா? அந்த மண்ணை வேறு எதற்கும் பாவிக்கவேண்டாம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

யாரையும் சும்மா சந்தேகப்படக்கூடாது. ஆனால் உங்கள் வீட்டு விசயம், உங்களுக்குத்தான் தெரியும்.

வரும் மாதம் எங்கள் தமிழ்ச் சங்கத்தில் கன்று பரிமாறும் நாள் வைக்கிறார்கள். வீட்டுத்தோட்டத்தைப் பற்றி என்னைத்தான் கதைக்கச் சொல்லியிருக்கிறார்கள். சாமத்தியவீட்டுச் சாடிகளைப் பற்றியும் சொல்லவேண்டுமாம். அந்த வேலையாக ஓடித்திரிகிறேன்.

செல்வநிதி


ரண்டர்ஸ்
04.05.2025

அன்புள்ள நிதிக்கு,

நலம். உங்கள் நலத்துக்கும் குறைவிருக்காது.

நோய் என்று நீர் எழுதவில்லை. எனவே சாவியை வாங்கிவிட்டேன். பாஸ்கு முடியட்டும், அவளுடைய பெரிய நாள் என்று இரண்டு நாள் பொறுத்தேன். செவ்வாய்க்கிழமை, சூப் பானையோடு வந்தவளை வாசலிலே மறித்தேன்.

"அந்தச் சாவியை ஒருக்காத் தாரும்."

"ஏன் யோகம், நான் ஏதும் பிழை விட்டனானோ?"

"ஒண்டுமில்லை. இனி நாங்களே பாக்கிறம்."

"மத்தியானம் அவருக்கு ஆர் குடுக்கிறது?"

"அது எங்கட பாடு."

மாதா படம் தொங்குகிற வளையத்தில் கோத்து வைத்திருந்தாள். அந்த வளையம் லேசில் கழரவில்லை. நகத்தால் நெம்பி நெம்பிக் கழற்றினாள். நான் உதவி செய்யவில்லை, பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசியில் சாவியை என் கையில் தராமல் கதிரையில் வைத்தாள். சூப் பானையையும் வைத்துவிட்டுப் போனாள். நான் அதை ஊற்றிவிட்டேன். உம்முடைய அண்ணை அன்று சாப்பிடவில்லை.

வீட்டு உதவிக்கு விண்ணப்பம் போடவேண்டும், வரும் கிழமை போடுவேன். அதுவரை பிளாஸ்கில் தேநீரும் பிஸ்கற்றும் அவருக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு போகிறேன். பிழை செய்யவில்லை என்றுதான் நினைக்கிறேன். நீர் என்ன நினைக்கிறீர் என்று எழுதும்.

யோகமலர்


ரண்டர்ஸ்
25.05.2025

நிதிக்கு,

உம்முடைய பதில் வரவில்லை. போனில் அண்ணை விழுந்துவிட்டார் என்று சொன்னதும் ரயிலேறி வந்தீர், நன்றி. ஆனால் ஆஸ்பத்திரியில் இரண்டு மணித்தியாலம் அழுதுவிட்டு, வீட்டுக்கு வரமாட்டேன் என்று அங்கிருந்தே திரும்பிவிட்டீர். பத்து நிமிட பஸ். தோட்டத்தையாவது வந்து பாரும் என்று கையைப் பிடித்துக் கேட்டேனே. ஏன் நிதி?

ஆஸ்பத்திரியில் வைத்துச் சொல்ல முடியாததை இப்போது எழுதுகிறேன். பதின்மூன்றாம் தேதி மத்தியானம் அவர் எழும்பி, வெறும் சூப் கோப்பையையும் எடுத்துக்கொண்டு தோட்டத்துக் கதவுக்குப் போயிருக்கிறார். அவளிடம் போக. கதவு பூட்டு. திரும்பும்போது விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. விக்ரோரியா மண்வெட்டியால் கண்ணாடியை உடைத்து உள்ளே வந்து அம்புலன்சுக்கு அடித்திருக்கிறாள். சாவி இருந்திருந்தால் கண்ணாடி உடைக்கத் தேவையில்லை. அவளுடைய கையில் ஏழு தையல்.

ஊரெல்லாம் அவளைப் புகழ்கிறது. என் மனம் மட்டும் ஆறவில்லை. அவர் விழுந்ததை எப்படி உடனே கண்டாள்? பன்னிரண்டு மணிக்கு வேலியோரம் என்ன செய்துகொண்டிருந்தாள்? கேட்டதற்கு, "அந்த நேரத்துக்குக் கை சும்மா இருக்குதில்லை, அதுதான் வந்து நிண்டனான்" என்றாள். இதை நம்புவதா, விடுவதா? சொல்லும்.

யோகமலர்


ரண்டர்ஸ்
15.06.2025

நிதிக்கு,

சுகம் கேட்டு எழுத எனக்கு இன்றைக்கு மனமில்லை. உம்முடைய அண்ணை வீட்டுக்கு வந்துவிட்டார், சக்கர நாற்காலியில். நான் லீவு போட்டு அவரோடு நிற்கிறேன்.

போன கிழமை கடைக்குப் போய்விட்டுத் திரும்பினால், விக்ரோரியா என்னுடைய பாத்திக்குள் குந்தியிருந்து மண்வெட்டியால் கொத்துகிறாள். கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று எனக்குச் சந்தோசம்கூட வந்தது. "என்ன செய்யிறீர்?" என்று கத்தினேன். அவள் எழும்பவில்லை. ஒரு தயிர்க் கோப்பையை நீட்டினாள்.

"இஞ்ச பாரும்."

கோப்பைக்குள் புழு. வெள்ளை உடம்பு, மண்ணிறத் தலை, வளைந்து வளைந்து பதினேழு கிடந்தன. ஒரு சாடியின் வடிவம் மாறாமல் இருந்த மண்கட்டிக்குள் மட்டும் பதினொன்று.

"வேரைத் திண்டது இதுதான் யோகம். இது வளந்து வண்டாகித்தான் இலையையும் நறுக்குது. சாடி மண்ணோட வந்திருக்கு. நான் நுனி மட்டும் முறிச்சனான், மண் எடுக்கேல்லை. அதால என்னுடையது தப்பீட்டுது."

"பங்குனியிலே உம்முடைய செருப்படி பாத்திவரைக்கும் இருந்ததே?"

"பனியிலை கண்டுகள் கிளம்பி நிண்டது. காலால மெல்ல அமத்தி விட்டனான். அதுக்கோ சாவியை வாங்கினனீர்?"

உள்ளே ஓடிப்போய் அந்தச் சாவியைக் கொண்டுவந்து நீட்டினேன். அவள் கையைப் பின்னாலே கட்டிக்கொண்டாள். "வேண்டாம். கண்ணாடி போட்டாச்சு, கதவும் இருக்கு, மணியும் இருக்கு. நான் அடிச்சிட்டு வாறன்."

அன்றிலிருந்து பன்னிரண்டு மணிக்கு மணி அடிக்கிறாள். கதவு திறந்தே கிடந்தாலும் அடிக்கிறாள். நான் வாருங்கோ என்று சொல்லும்வரை, தையல் போட்ட கையில் சூப் பானையோடு, யாரோ முன்பின் தெரியாத ஆள்மாதிரி வாசலில் நிற்கிறாள்.

பிறகு உம்முடைய கடிதங்களை எடுத்து மேசையில் தேதிப்படி அடுக்கினேன். மார்கழியில் முற்றத்தை ஒதுக்கிச் சாடிகளை எறிந்தீர். சித்திரையில் மண்ணைப் பாவிக்காதே, கையுறை போடு என்றீர். வைகாசியில் ரண்டர்ஸ் வரைக்கும் வந்தும் தோட்டத்தைப் பார்க்கவில்லை. ஒரு வரி கேட்டேன் நிதி. இருக்கிறது என்று ஒரே ஒரு வரி. இடுப்பு உடைந்தது உம்முடைய அண்ணைக்கு.

உமக்குத் தெரிந்திருந்தது. இல்லையென்று எழுதும் பார்ப்போம்.

அந்தச் சாடி முப்பத்தொரு வீட்டுக்குப் போயிருக்கிறது. அந்த முப்பத்தொரு வீட்டுக்கும் வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ இருப்பார்கள்.

யோகமலர்


அல்பர்ட்ஸ்லுண்ட்
24.08.2025

மதிப்புக்குரிய மச்சாளுக்கு,

அண்ணையின் சுகத்தை உங்களிடம் கேட்க எனக்கு முகமில்லை. கேட்காமலும் இருக்க முடியவில்லை.

ஓம். தெரியும். போன கார்த்திகையில் சாடிகளை உள்ளே எடுக்கும்போது ஒன்றைக் கவிழ்த்தேன், புழு கொட்டியது. பிறகு எல்லாவற்றையும் கவிழ்த்துப் பார்த்தேன், எல்லாவற்றிலும் இருந்தது. உங்களுக்கு உடனே எழுத வேண்டும் என்று கடதாசியும் எடுத்தேன். சாமத்தியவீட்டு வீடியோவில் சனம் சாடியோடு சிரித்துக்கொண்டு போவதை அன்றும் பார்த்துக்கொண்டிருந்தோம். டென்மார்க்கில் இப்படி ஒருவரும் செய்யவில்லை என்று சொன்னவர்கள், நிதி புழுவைப் பங்கிட்டாள் என்று சொல்வார்களே என்று பயந்துவிட்டேன். ஒரு வரி எழுதவேண்டிய இடத்தில் இரண்டு கடிதம் எழுதி மழுப்பினேன். நீங்கள் சாவியைப் பற்றி எழுதினபோது, அண்ணை தனியே இருப்பாரே என்று கடதாசியை மறுபடி எடுத்தேன். அப்போதும் எழுதவில்லை. வெட்கக்கேடு.

சங்கத்தில் இனித் தோட்டம் பற்றிக் கதைக்கமாட்டேன் என்று என் பெயரை விலக்கிக்கொண்டேன். முப்பத்தொரு வீட்டுக்கும் கையால் கடிதம் எழுதினேன். நான் தந்த சாடி மண்ணில் வேர் தின்னும் புழு இருந்தது, எனக்குத் தெரிந்தும் சொல்லவில்லை, உங்கள் கன்று பட்டிருந்தால் அது வேறு ஒருவருடைய குற்றமும் அல்ல என்று எழுதினேன். புழுவைக் கொல்லும் நுண்ணுயிரைத் தண்ணீரில் கலந்து இந்த மாதமும் அடுத்த மாதமும் ஊற்றவேண்டும், அதையும் எழுதினேன். எங்கள் சந்தியில் இருந்த சிவப்புத் தபால்பெட்டியைக் கழற்றிவிட்டார்கள். தபால் எடுக்கிற கடைக்குக் கொண்டுபோய் எண்ணிக் கொடுத்தேன்.

ஓகூஸ் நகரத்துத் தவராஜா அண்ணை வீட்டிலிருந்து முதல் பதில் வந்தது. மாமியார் சுடுகஞ்சி ஊற்றித்தான் கன்று செத்தது என்று அவருடைய மருமகள் ஆறு மாதமாக மாமியாரோடு கதைக்கவில்லையாம். நீங்கள் சொன்னது சரி மச்சாள்.

விக்ரோரியா அக்காவுக்கும் ஒரு கடிதம் இதற்குள் இருக்கிறது. ஒட்டவில்லை. நீங்கள் வாசித்துவிட்டுக் கொடுக்கலாம், கொடுக்காமலும் விடலாம்.

அண்ணைக்குத் தங்கச்சியாக இருக்கத் தகுதியில்லாத,
நிதி


ரண்டர்ஸ்
12.10.2025

நிதிக்கு,

உம்முடைய அண்ணை நடக்க உதவும் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எட்டு அடி நடக்கிறார். நேற்று உம்முடைய பெயரைச் சொன்னார். உம்முடைய பிழை அவருக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். என் கோபம் போகவில்லை, அதையும் எழுதிவிடுகிறேன். ஆனால் நீர் எழுதாமல் விட்டீர் என்றால், இருபத்திரண்டு வருடம் கூட இருந்தவளை ஒரு துளிருக்காகக் கள்ளி என்று நினைத்தது நான். உம்மிடம் கேட்ட கேள்வியை வேலிக்கு மேலாலே அவளிடம் கேட்டிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். அதற்கு யாருக்குக் கடிதம் போட?

விக்ரோரியாவிடம் உம்முடைய கடிதத்தைக் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடி போட்டு இரண்டுதரம் வாசித்தாள். "பாவம்" என்றாள். யாரைச் சொன்னாள் என்று தெரியாது. அடுத்த நாளும் மணி அடித்தாள்.

என்னுடைய பாத்தி வெறுமை. மண் முழுவதையும் மாற்றி, நீர் எழுதிய மருந்தையும் ஊற்றிவிட்டேன். வேலி நிழலில் நடுவதற்கு ஒன்று வேண்டும். கடைக்குப் போக வெளிக்கிட்டுவிட்டு, படலையடியில் நின்று யோசித்தேன். போன வியாழக்கிழமை, அவள் குசினிக்குள் நிற்கிறாள் என்று தெரிந்துகொண்டே அவளுடைய முற்றத்துக்குள் போனேன். எலுமிச்சைப் பச்சை புதர்போலத் தழைத்து நிற்கிறது. குனிந்தேன், முழங்கால் சத்தம் போட்டது. ஒரு துளிரை முறித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு நிமிர்ந்தால், யன்னலில் அவள். அகப்பையைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் அது களவாகாதே. அவள் திரைச்சீலையை இழுத்து மூடினாள். கோபத்தில் மூடினாளோ, காணாத மாதிரி இருக்க மூடினாளோ என்று அன்று முழுவதும் அதே யோசனை.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு நான் மணிச் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டு குசினியில் நின்றேன். மணி அடிக்கவில்லை. வரமாட்டாள் என்றே நினைத்துவிட்டேன். கதவு திறந்த சத்தம் கேட்டது. பானையோடு நேரே உள்ளே வந்தாள், செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"என்ன யோகம் பாத்துக்கொண்டு நிக்கிறீர்? கோப்பையை எடும், சூப் ஆறுது."

எடுத்துக் கொடுத்தேன். அவள் போகும்போது சாவியை மேசை விளிம்பிலே வைத்திருந்தேன், ஒன்றும் சொல்லாமல். பின்னேரம் பார்த்தேன், காணவில்லை.

மார்கழியில் நத்தார்ப் பண்டிகைக்கு வாரும் நிதி, அண்ணை பார்க்கவேண்டும் என்கிறார். கையை வீசிக்கொண்டு வாரும். சாடி ஒன்றும் கொண்டுவரவேண்டாம்.

மச்சாள்,
யோகமலர்